அடர்ந்த வாயுவின் வரைபடம் உண்மையில் எதை அளக்கிறது?

எம்82 பேரடையின் ‘அடர்ந்த மூலக்கூறு வாயு வரைபடம்’ ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டவர் மூன்று ஐயங்களை முன்வைத்திருக்கிறார். அங்குள்ள வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்றால், வரைபடத்தை ஏன் ஹைட்ரஜன் சயனைடை வைத்து வரைகிறார்கள்? அந்த வண்ணங்கள் உண்மையிலேயே அடர்த்தியைத்தான் காட்டுகின்றனவா? மில்லிமீட்டர் அலைகளில் மிகக் கூர்மையான படம் எடுக்கும் ஆல்மா என்ற ஆன்டெனா வரிசை சிலியில் இருக்கும்போது, இந்தப் படம் ஏன் அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியிலிருந்து வந்தது? தனித்தனியாகத் தெரிந்தாலும், தொலைநோக்கி அளப்பதற்கும் நாம் அதிலிருந்து சொல்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்ற ஒரே கேள்விதான் இம்மூன்றின் அடியிலும் இருக்கிறது. நான் மில்லிமீட்டர் அலை வானியலில் பயிற்சி பெற்றவன். ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கிகளின் நிறமாலைகளைச் சீர்செய்து வரைபடமாக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். விண்வெளி வேதியியல் மாதிரிகளைப் பயன்படுத்தியிருக்கிறேனே தவிர உருவாக்கியதில்லை. ஆகவே வேதியியல் பற்றி நான் சொல்வதற்கு அந்த அளவுக்கே எடை கொடுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் விண்மீன்கள் பிறக்கும் பேரடையையே ஸ்டார்பர்ஸ்ட் பேரடை என்கிறோம். ‘விண்மீன் வெடிப்பு’ என்று மொழிபெயர்த்தால் விண்மீன்கள் வெடித்துச் சிதறும் பொருள் வந்துவிடுவதால், ஸ்டார்பர்ஸ்ட் என்றே எழுதுகிறேன். நமக்கு அருகில் இதற்கு இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுகள் உண்டு. ஒன்று, வடவானில் ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எம்82. மற்றொன்று, தென்வானில் ஏறத்தாழ 1.1 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள என்ஜிசி 253; கரோலின் ஹெர்ஷல் 1783இல் கண்டுபிடித்தது. பால்வழி முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறக்கின்றன. எம்82இன் நடுவில் சுமார் 3,000 ஒளியாண்டு அகலமுள்ள சிறு பகுதியிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துச் சூரிய நிறை விண்மீன்களாக மாறுகிறது.

விண்மீன்கள் பிறப்பது குளிர்ந்த மூலக்கூறு ஹைட்ரஜனிலிருந்து. ஆனால் ஒரே மாதிரியான இரண்டு அணுக்களால் ஆனதால் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு நிலையான மின் இருமுனை கிடையாது. சுழன்றாலும் ரேடியோ அலையை வெளியிடாது. அதனால் முடிந்த மிகத் தாழ்ந்த சுழற்சி உமிழ்வு 28 மைக்ரான் அகச்சிவப்பில் இருக்கிறது. அதற்குத் தேவையான ஆற்றல் நிலையோ தரைநிலையைவிட 510 கெல்வின் மேலே உள்ளது. மேகங்களின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 50 கெல்வின்தான் என்பதால் அந்தப் படிக்கு மூலக்கூறுகள் ஏறுவதே அரிது. எனவே ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் வேறொரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1970இல் ஓரியன் நெபுலாவில் கண்டறியப்பட்ட கார்பன் மோனாக்சைடுதான் அதற்கு முதல் துணை. அதன் கோடு, அதாவது அது ஒளிரும் குறிப்பிட்ட அதிர்வெண், 115.27 கிகாஹெர்ட்ஸில், 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் விழுகிறது. 1975இல் எம்82, என்ஜிசி 253 ஆகியவற்றிலும் அது அளக்கப்பட்டது. குறை என்னவென்றால், மெலிந்த வாயுவிலும் அது பளிச்சென்று ஒளிரும். மேகம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். மேகத்தின் எந்தப் பகுதி இறுகி விண்மீனாகப் போகிறது என்பதைச் சொல்லாது.

ஹைட்ரஜன் சயனைடு இங்கேதான் வருகிறது. சுழற்சியின் முதல் படியில் நிற்கும் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை எதுவும் மோதாமல் விட்டுவிட்டால், அது தானாக ஒளியனை உமிழ்ந்து கீழே இறங்கச் சராசரியாக 160 நாள் எடுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் சயனைடு அதே இறக்கத்தைப் பதினொன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். இறங்கும் வேகம் இருமுனைத் திருப்புத்திறனின் (மின் இருமுனையின் வலிமை, டிபை என்ற அலகில் சொல்வது) வர்க்கத்தையும் அதிர்வெண்ணின் மும்மடியையும் பொறுத்தது. கார்பன் மோனாக்சைடின் திருப்புத்திறன் 0.11 டிபை, ஹைட்ரஜன் சயனைடினுடையது 2.98 டிபை, அதன் கோடு 88.63 கிகாஹெர்ட்ஸில் இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சயனைடு ஏறத்தாழ 330 மடங்கு வேகமாக இறங்குகிறது. இறங்கியதை மறுபடி மேலே ஏற்றுவது ஹைட்ரஜனின் மோதல்கள். மாதக்கணக்கில் காத்திருக்கும் மூலக்கூறுக்கு அரிதான மோதல்களே போதும். அரை நாளில் இறங்கிவிடுவதற்கு மோதல்கள் அடிக்கடி நிகழ வேண்டும், அதாவது வாயு அடர்த்தியாக இருக்க வேண்டும். இந்தச் சமநிலை எட்டும் அளவை மாறுநிலை அடர்த்தி என்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு அது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகள். ஹைட்ரஜன் சயனைடுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம். (‘அடர்ந்த’ என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம், நாம் சுவாசிக்கும் காற்று இதைவிட 50 லட்சம் கோடி மடங்கு அடர்ந்தது.)

இதுவரை சொன்னவை உறுதியான இயற்பியல். இந்த ஐந்து லட்சம் என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, ‘சயனைடு ஒளிரும் இடமெல்லாம் ஐந்து லட்சம் அடர்த்தி’ என்று படித்துவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது. மாறுநிலை அடர்த்தி ஒரு வாசற்படி அல்ல. அதற்குக் கீழே உள்ள வாயுவும் ஒளிர்கிறது, மங்கலாக. தவிர, ஒரு மூலக்கூறு உமிழ்ந்த ஒளியனைப் பக்கத்து மூலக்கூறு விழுங்கித் தானும் மேலேறிக்கொள்ளும். கோட்டின் ஒளி எளிதில் ஊடுருவ முடியாத அளவுக்கு வாயு தடித்திருந்தால் இப்படி ஒளி உள்ளேயே சிறைப்பட்டு மோதல்களின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடும். இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், அளக்கக்கூடிய பிரகாசத்தை எட்டச் சில ஆயிரம் அடர்த்தியே போதும் என்று ஆகிறது. அந்த மெலிந்த பகுதி பரப்பில் மிகப் பெரியது என்பதையும் மறக்கக் கூடாது. கரையில் நின்று இரவுக் கடலைப் பார்க்கும்போது இரண்டு பெரிய விசைப்படகின் விளக்குகளையும், தொலைவில் சிதறிக் கிடக்கும் நூறு சிறு வள்ளங்களின் விளக்குகளையும் பிரித்தறிய முடியாத கண்ணுக்கு, வந்து சேர்வது மொத்த வெளிச்சம் மட்டுமே. சயனைடின் மொத்த வெளிச்சத்தில் எந்தப் பங்கு அடர்ந்த கருக்களிலிருந்து வருகிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் மேகங்களில்தான் சோதிக்க முடியும். 2017இல் ஓரியன் மேகங்களில் அப்படிச் சோதித்தபோது, ஓரியன் ஏ மேகத்தில் சயனைடு ஒளியின் இயல்பான அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 900க்கும் குறைவாக வந்தது. ஓரியன் பி மேகத்திலும் பெரும்பங்கு மெலிந்த வாயுவிலிருந்தே என்று தெரிந்தது. பாடநூல் எண்ணோடு ஒப்பிட்டால் இது ஐந்நூறு மடங்குக்கும் மேலான இறக்கம். இந்த முடிவுகளைப் படித்தபின், நான் முன்பு எழுதியிருந்த குறிப்புகளில் ‘அடர்ந்த வாயு’ என்ற சொல் வந்த இடமெல்லாம் ‘சயனைடு ஒளிரும் வாயு’ என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். பாதி வாக்கியங்கள் தாங்கின, பாதி தாங்கவில்லை.

அப்படியென்றால் வரைபடம் அளப்பது எதை? ஒவ்வொரு புள்ளியிலும், அந்தக் கோட்டின் அடியிலுள்ள பரப்பளவை. அதாவது பிரகாச வெப்பநிலையை (ரேடியோ பிரகாசத்தைக் கெல்வினில் சொல்லும் அளவு) திசைவேகத்தோடு தொகுத்த ஒரே ஒரு எண்ணை. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் புரியும். சாதாரணச் சுருள் பேரடையின் தட்டில் சயனைடுக் கோடு கார்பன் மோனாக்சைடை விட முப்பது மடங்கு மங்கலாக இருக்கும். அதே தெளிவு வேண்டுமானால் முப்பதின் வர்க்கமான தொள்ளாயிரம் மடங்கு நேரம் பார்க்க வேண்டும். ஸ்டார்பர்ஸ்ட் மையங்களில் இந்த இடைவெளி குறையும் என்பதே அவற்றை முதலில் வரைபடமாக்கியதற்கு ஒரு காரணம். திரையில் விழும் நிறமாலையில் கோடு ஒரு கூரிய முள்ளாக இருக்காது; பேரடையின் சுழற்சியால் விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய ஒரு தாழ்ந்த மேடாக இருக்கும். அதன் அடியில் கருவியும் வளிமண்டலமும் உண்டாக்கிய மெல்லிய அலை ஓடிக்கொண்டிருக்கும். கோடு இருப்பதாக நாம் கருதும் பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியில் ஒரு வளைகோட்டைப் பொருத்திக் கழிக்கிறோம். ஒதுக்கிய சாளரம் சற்றுக் குறுகிவிட்டால், கோட்டின் மங்கலான ஓரங்கள் அந்த வளைகோட்டோடு சேர்ந்து கழிந்துபோகும். மையத்திலிருந்து பீறிட்டு வெளியேறும் வாயுவின் தடயம் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் இருக்கும். எனவே பிரகாசமான நடுப்பகுதியின் எண்ணை நான் தயக்கமின்றி நம்புவேன். படத்தின் விளிம்பில் தெரியும் மங்கலான நாக்குகளை, சாளரத்தை எப்படித் தேர்ந்தார்கள் என்று பார்த்த பிறகே நம்புவேன்.

இன்னொன்று, படத்தின் மூலையில் இருக்கும் சிறு வட்டம். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. தொலைநோக்கியின் பகுதிறன் அது. அதைவிடச் சிறிய எதையும் படம் காட்டாது. கிரீன் பேங்கின் 100 மீட்டர் தட்டுக்கு இந்த அலைநீளத்தில் அந்த வட்டம் ஏறத்தாழ 9 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு). எம்82இன் தொலைவில் அது சுமார் 500 ஒளியாண்டு. ஒரு பெரிய மூலக்கூறு மேகத்தின் குறுக்களவு 150 ஒளியாண்டு அளவிலும், விண்மீன் பிறக்கும் கருவின் அளவு ஒரு ஒளியாண்டுக்கும் குறைவாகவும் இருக்கும். ஆகவே ஒரு புள்ளிக்குள் எத்தனையோ மேகங்களும் அவற்றின் இடைவெளிகளும் கலந்து சராசரியாகிவிடுகின்றன.

இவ்வளவு குறைகளோடும் இந்த வரைபடங்களை நான் மிகவும் மதிக்கிறேன் என்றால், காரணம் விகிதங்கள். ஹைட்ரஜன் சயனைடுக்கு அருகிலேயே, 89.19 கிகாஹெர்ட்ஸில், ஃபார்மைல் அயனியின் (ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த நேர்மின் மூலக்கூறு) கோடு இருக்கிறது. இரண்டையும் ஒரே ஏற்பி, ஒரே நேரத்தில், ஒரே வட்டத்தோடு, ஒரே வானிலையில் பதிவுசெய்கிறது. அளவுத்திருத்தத்தில் பத்து சதவீதம் பிழை இருந்தாலும் அது இரண்டுக்கும் பொது, வகுத்தால் நீங்கிவிடும். எம்82இல் ஃபார்மைல் அயனிதான் பிரகாசமானது என்ற செய்தி, ‘எம்82இல் இத்தனை கோடி சூரிய நிறை அடர்ந்த வாயு உள்ளது’ என்ற செய்தியைவிடப் பல மடங்கு உறுதியானது. நிறையைச் சொல்ல, பிரகாசத்தை ஒரு மாற்றுக் காரணியால் பெருக்க வேண்டும். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஓர் ஊகத்தின் மேல் நிற்பது. வெப்பமும் கொந்தளிப்பும் மிகுந்த மையங்களில் அது சில மடங்கு குறையக்கூடும்.

அந்தக் காரணியை வைத்துத்தான் இத்துறையின் மிகப் பிரபலமான உறவு எழுதப்பட்டது. 2004இல் யூ காவோவும் ஃபிலிப் சாலமனும் 65 பேரடைகளில் சயனைடு ஒளியையும், இளம் விண்மீன்கள் சூடாக்கிய தூசியின் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டு, சாதாரணச் சுருள் பேரடைகள் முதல் மிகப் பிரகாசமான ஸ்டார்பர்ஸ்ட் வரை இரண்டும் நேர் விகிதத்தில் உயர்வதைக் காட்டினார்கள். அகச்சிவப்பை விண்மீன் பிறப்பு வீதமாகவும் சயனைடை அடர்ந்த நிறையாகவும் மாற்றினால், அடர்ந்த வாயு ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளில் தீர்ந்துபோகும் கணக்கு வருகிறது. மொத்த வாயு எவ்வளவு என்பதல்ல, அடர்ந்த வாயு எவ்வளவு என்பதே விண்மீன் பிறப்பைத் தீர்மானிக்கிறது என்ற எளிமையான, அழகான கருத்து இதிலிருந்து எழுந்தது. முழுப் பேரடைகளின் சராசரியாக அது இன்றும் நிற்கிறது. பேரடைக்குள்ளே இறங்கி வரைபடமாக்கியபோதுதான் கோணல்கள் தெரிந்தன. ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் உள்ள 30 மீட்டர் தொலைநோக்கியால் ஒன்பது சுருள் பேரடைகளின் தட்டுகளை முழுமையாக அளந்த எம்பயர் ஆய்வில், மையத்தை நோக்கிப் போகப்போகக் கார்பன் மோனாக்சைடோடு ஒப்பிட்ட சயனைடின் பங்கு கூடியது, ஆனால் அந்தச் சயனைடு ஒளிக்கு ஈடான விண்மீன் பிறப்பு குறைந்தது. பால்வழியின் மையமும் இதையே சொல்கிறது: அங்கே சயனைடு எங்கும் ஒளிர்கிறது, விண்மீன்களோ எதிர்பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பிறக்கின்றன. அங்குள்ள வாயுவின் கொந்தளிப்பும் சுற்றியுள்ள அழுத்தமும் அதிகம். சராசரி அடர்த்தியே உயர்ந்திருக்கும் இடத்தில், அந்த அடர்த்தி ஈர்ப்பால் சுருங்குவதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் 2014இல் வெளியான கிரீன் பேங்கின் எம்82 வரைபடம் எதிர்த்திசையில் பேசியது. கேள்வி கேட்டவர் பார்த்திருப்பது இதையே என்று நினைக்கிறேன். அதில் நடுவிலுள்ள ஸ்டார்பர்ஸ்ட் பகுதியில்தான், வெளிப்பகுதிகளைவிட, அடர்ந்த வாயுவுக்கு ஈடான விண்மீன் பிறப்பு அதிகம். இந்த முரணுக்கு எனக்கு ஒப்பத் தோன்றும் விளக்கம் காலம் சார்ந்தது. இதை உறுதி என்று சொல்ல மாட்டேன். எம்82இன் மையத்தில் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு இரண்டு பெரும் பிறப்பு அலைகள் நிகழ்ந்ததாக அகச்சிவப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. தூசி உமிழும் அகச்சிவப்பு அந்த இளம் விண்மீன்களை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. அவற்றைப் பெற்ற வாயுவோ செலவாகியோ சிதறடிக்கப்பட்டோ போயிருக்கலாம். அந்த வரைபடத்திலேயே ஃபார்மைல் அயனியின் ஒளி தட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும், வாயு வெளியேறும் திசையில் நீண்டு தெரிகிறது.

ஐயத்துக்குரிய இன்னொரு பகுதி வேதியியல். ஸ்டார்பர்ஸ்ட் சூழலே நம் அளவுகோலை வளைக்கிறது. நிறைய சூப்பர்நோவாக்கள் என்றால் நிறைய காஸ்மிக் கதிர்கள். என்ஜிசி 253இன் மையத்தில் அவற்றால் நிகழும் அயனியாக்கம் பால்வழியின் சாதாரண மேகங்களில் உள்ளதைவிட ஆயிரம் மடங்கு அளவில் அல்லது அதற்கும் மேலாக மதிப்பிடப்படுகிறது. அது அயனிகளின் அளவையே மாற்றும். விடுபட்ட எலக்ட்ரான்கள் சயனைடை மோதி ஏற்றிவிடும். 14 மைக்ரான் அகச்சிவப்பு ஒளி வேறொரு வழியில் ஏற்றிவிடும். இவை ஒவ்வொன்றும் அடர்த்தி இல்லாமலே பிரகாசத்தைக் கூட்டக்கூடியவை. ஆகவே ஒரே ஒரு கோட்டின் படத்தை வைத்து அடர்த்தியைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரே மூலக்கூறின் பல சுழற்சிப் படிகள், கார்பன்-13 கலந்த அரிய வகை, கார்பன் மோனாக்சைடு உறைந்துபோகும் குளிர்ந்த கருக்களில் செழிக்கும் டயசெனைலியம் அயனி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆல்மாவின் ஆல்கெமி திட்டம் என்ஜிசி 253இல் அதைத்தான் செய்தது: 84 முதல் 373 கிகாஹெர்ட்ஸ் வரை இடைவிடாமல், 1.6 விகலைப் பகுதிறனில், அதாவது 90 ஒளியாண்டு அளவில் பதிவுசெய்து, நூற்றுக்கும் மேற்பட்ட மூலக்கூறு வகைகளை வரைபடமாக்கியது.

கடைசிக் கேள்விக்கு விடை எளிது. ஆல்மா பூமத்தியரேகைக்குத் தெற்கே 23 பாகையில் இருக்கிறது. எம்82 வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 70 பாகையில் இருக்கிறது. ஆல்மாவின் அடிவானத்துக்கு மேலே அது ஒருபோதும் எழுவதில்லை. என்ஜிசி 253 அங்கே கிட்டத்தட்ட உச்சி வழியாகவே கடந்துசெல்கிறது. அதனால்தான் 2018இல் அதன் மையத்தில், ஆறு ஒளியாண்டு அளவு வரை பிரித்துப் பார்த்து, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் 14 பெரும் விண்மீன் கொத்துகளைக் கண்டார்கள். ஆனால் கூர்மைக்கு ஒரு விலை உண்டு: ஆன்டெனாக்களை இணைத்துப் படமெடுக்கும்போது அவற்றின் மிகக் குறுகிய இடைவெளிக்கு ஒத்த அளவைவிடப் பெரிதாகப் பரந்து கிடக்கும் ஒளி பதிவாவதே இல்லை. பிரகாசமான பகுதியின் இருபுறமும் எதிர்மதிப்புள்ள பள்ளங்கள் தெரிந்தால் அதுவே அடையாளம். ஆல்மா இதற்காகவே நான்கு 12 மீட்டர் ஆன்டெனாக்களைத் தனித் தட்டுகளாக இயக்குகிறது. எம்82ஐப் பொறுத்தவரை, வட அரைக்கோளத்தில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள நோயமா ஆன்டெனா வரிசை கூர்மையைத் தரும். பரந்த ஒளியைத் தருவது கிரீன் பேங்க் போன்ற ஒற்றைத் தட்டு. இரு பேரடைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட விரும்பினால், என்ஜிசி 253இன் ஆல்மா படத்தை முதலில் 9 விகலைக்கு மங்கலாக்கி, அதில் தனித் தட்டின் பதிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஃபார்மைல் அயனிக்கும் சயனைடுக்கும் உள்ள விகிதத்திலிருந்து தொடங்குங்கள்.